பதினோராம் பக்கம்

பேண்டு மாஸ்டர் பெரெய்ரா திங்கட்கிழமை காலையில் பிச்சுமணியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்கு என்று பிச்சுமணி திரும்பிப் பின்னால் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷ சர்வீஸில் மாஸ்டர் அவரைத் திட்டியதுண்டு. குச்சியால் மேஜையைத் தட்டி முறைத்ததுண்டு. பெரும்பாலும் அவர் பக்கம் பார்க்காமலே காலம் தள்ளியதுண்டு. அதெல்லாம் நியாயம். சிரித்ததில்லை. அதுவும் ஆள்குறைப்பு உத்தரவு வந்த நாலாம் நாள் ஒரு மனுஷன் சிரிக்கிறான் என்றால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டல்லவா?

எந்த பேண்டு என்று கேட்க வேண்டாம். அதில் வாசித்தவர்களின் பிள்ளைகள் இன்று பெரிய உத்தியோகங்களில் இருக்கிறார்கள். ஊதுகிறவர்கள் இருபது பேர், வில் போடுகிறவர்கள் பத்துப் பேர். சனிக்கிழமை சாயங்காலம் பப்ளிக் கார்டனில் வாசிப்பார்கள். பெரிய மனிதர் வீட்டு விருந்தில் தட்டுச் சத்தம் கேட்காதபடி வாசிப்பார்கள். உத்தரவு இவ்வளவுதான்: மூன்று பேர் கமிட்டி, ஜூபிலி ஹாலில் உட்கார்ந்து ஒருநாள் எல்லா வாத்தியத்தையும் கேட்கும், எது இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாதோ அது அடுத்த வருஷம் இருக்காது.

வித்தியாசம் தெரியாத வாத்தியம் பேண்டில் ஒன்றே ஒன்று. அதை பிச்சுமணி வாசித்தார்.

பெயர் வயோலா. அவர் குடியிருந்த கரமனைத் தெருவில் அதற்கு 'அண்ணா பிடில்' என்று பெயர். பிடிலைவிட உடம்பு பெரிது, குரல் கட்டை. பிடில்கள் மேலே பாடும், பெரிய வாத்தியங்கள் கீழே உறுமும், நடுவில் வயோலா 'ம்ம், ம்ம்' என்று ஆமோதித்துக்கொண்டே போகும். கூட்டில் அரைத்துவிட்ட தேங்காய் மாதிரி. இருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லை. அதற்கு எழுதுகிற சங்கீதத் தாளில் வரிக்கு முன்னால் போடுகிற அடையாளமும் தனி. மற்ற வாத்தியக்காரர்கள் அந்தத் தாளைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பேண்டிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பிச்சுமணி, மாஸ்டர், நகல் எடுக்கிற பூதலிங்கம் பிள்ளை என்று மூன்றே பேர்.

பிச்சுமணி இந்த வாத்தியத்துக்கு வந்ததே சந்தேகத்தால்தான். அவருடைய சந்தேகம் ஊரறிந்தது. பால்காரி பொன்னம்மையிடம் பசுவைப் பார்த்த பிறகுதான் பால் வாங்குவார். பார்த்த பிறகு, நேற்றுப் பார்த்த பசு இதுதானா என்று கேட்பார். சர்க்கார் பஸ் ஓட ஆரம்பித்தபோது, கூப்பிடாமல் வந்து நிற்கிற வண்டிக்கு ஏதோ உத்தேசம் இருக்கிறது என்று பப்ளிக் கார்டன் வரை நடந்தே போனார். கல்யாணப் பந்தியில் முன்வரிசையில் உட்கார வைத்தால், பின்வரிசையில் என்ன விளம்புகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

இளவயதில் அவர் பக்கவாத்திய பிடில்காரர். பாடுகிறவர் வாயைப் பார்த்து, அரை மூச்சுப் பின்னால் நிழல் மாதிரி போவதில் கெட்டிக்காரர். ஆனால் மைத்துனன் ஸ்ரீகண்டன் கதாகாலட்சேபம் செய்யக் கிளம்பி, அவரைக் கூட வாசிக்கக் கூப்பிட்டான். ஸ்ரீகண்டன் வீட்டில் ஒரு ராகம் சொல்வான், மேடையில் வேறு ராகத்தில் எடுப்பான், பாதியில் மூன்றாவதுக்குத் தாவுவான். மறதி என்றார்கள். தன்னைச் சபையில் முழிக்க வைக்கச் செய்கிற சதி என்று பிச்சுமணி கண்டுபிடித்தார். நாலாவது காலட்சேபத்தோடு அவனை விட்டுவிட்டு பேண்டில் சேர்ந்தார். அங்கே எல்லாம் தாளில் எழுதியிருக்கும். எழுதின தாள் மேடை ஏறிய பிறகு ராகம் மாற்றாது. கை நீளமாக இருந்ததால் அண்ணா பிடிலைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்.

இப்போது மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஒரு தாள்கட்டை நீட்டினார்.

"மிஸ்டர் பிச்சுமணி, இது உனக்கு" என்றார். மதராஸ் பட்டாளத்தில் படித்த தமிழ். "நான் எழுதினது. புது மாதிரி மியூசிக். வயோலா முன்னாடி நிக்கும். மத்தவங்க எல்லாம் உன் பின்னாடி."

"பின்னாடின்னா, சார்?"

"நீதான் மெயின். கமிட்டி வர்ற நாள்லே வாசிக்கறோம். ஆறு வாரம் இருக்கு."

பிச்சுமணி தாளை வாங்கினார். ஒரு கையால்தான் வாங்கினார். அடுத்த கை வாத்தியப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் கணக்குப் போட்டார். பன்னிரண்டு வருஷம் பின்வரிசையில் ஒளித்து வைத்திருந்த ஆளைத் திடீரென்று முன்னால் நிறுத்துகிறார்கள். எதற்கு? மூன்று பேர் கமிட்டி நன்றாகப் பார்க்கட்டும் என்று. கூட்டத்தில் நின்றால் தப்பு தெரியாது. தனியாக நின்றால் தெரியும். தெரிந்தால் போகச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும். கரமனை ஆற்றுப் பாலத்துக்கு வருவதற்குள் விஷயம் தீர்ந்துவிட்டது. மாஸ்டர் தன்னைக் கழற்றிவிடுவதற்கென்றே மெனக்கெட்டு உட்கார்ந்து ஒரு சங்கீதம் எழுதியிருக்கிறார்.

வீட்டில் வாசித்துப் பார்த்தபோது சந்தேகம் ஊர்ஜிதமானது. அந்தச் சங்கீதத்தில் சட்ஜம் இல்லை. எங்கே நின்று கிளம்புகிறது, எங்கே வந்து சேர வேண்டும் என்று ஒரு அடையாளமும் கிடையாது. ஒரு சுரம் ஏறும், பக்கத்திலேயே இருக்கக்கூடாத இன்னொரு சுரம் வந்து இடிக்கும், பிறகு இரண்டும் ஒன்றையொன்று தெரியாதது போலப் பிரிந்துபோகும்.

சமையலறையிலிருந்து நாகலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ராகமாக்கும்?"

"ராகம் இல்லை."

"தாளம்?"

"நாலு, அப்பறம் அஞ்சு, அப்பறம் மூணு. மாறிண்டே இருக்கு."

"மதி, போரும். உங்க மாஸ்டருக்கு வீட்டிலே ஏதானும் கஷ்டமா, விஷமமா?"

"விஷமம் அவருக்கு இல்லை நாகு, எனக்கு. என்னைக் கவுக்கறதுக்கு எழுதினதாக்கும் இது."

"ஒங்களைக் கவுக்கணும்னா ஒரு கடுதாசி போதுமே. இத்தனை பக்கம் எழுதுவாளோ?"

இது நல்ல கேள்வி. ஆனால் மனைவி கேட்ட கேள்வி என்பதால் பிச்சுமணி அதை ஒதுக்கிவைத்தார்.

ஆபத்து வாசல்வரை வர அதிக நாள் ஆகவில்லை. ஆள்குறைப்புச் செய்தி கேட்டு, மறுவாரம் ஸ்ரீகண்டன் ஜவ்வாது மணக்க வந்து சேர்ந்தான்.

"அத்திம்பேர், மேடமாசம் வித்துராவிலே பத்து நாள் கதை. ஒரு நல்ல பிடில் வேண்டியிருக்கு. நீங்க சும்மாதானே இருக்கப் போறேள்?"

"ஆரு சொன்னா?"

"ஊரே சொல்றது. எனக்கு ஒண்ணும் பிராது இல்லை, கேட்டேளா. பழசெல்லாம் மறந்தாச்சு."

"நீ மறப்பாய். மறக்கறதுதானே உன் தொழிலே" என்றார் பிச்சுமணி.

ஸ்ரீகண்டன் இரண்டாம் காப்பியையும் குடித்துவிட்டு, "யோசிச்சு வையுங்கோ" என்று போனான். பிச்சுமணி யோசித்தார். வித்துரா மேடை, பத்து நாள், பாதியில் தாவுகிற ராகம், ஆயிரம் பேர் முன்னால் வில்லைத் தூக்கிக்கொண்டு முழிக்கிற தான். அதைவிட இந்தச் சட்ஜமில்லாத சங்கீதமே தேவலை என்று மறுபடி வாத்தியத்தை எடுத்தார். நாளுக்கு மூன்று மணி நேரம் வாசித்தார். தெருவில் எதிர்வரிசை வீட்டுக்காரர் பஞ்சாபகேசன், "வாத்தியத்துக்கு ஏதானும் தீனமோ, சொகமில்லையோ?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் பிச்சுமணி துப்புக் கண்டுபிடித்தார்.

சங்கீதம் பத்தாம் பக்கத்தில் முடிந்தது. முடிந்தது என்று சொல்லக்கூடாது, நின்றுபோனது. எல்லா வாத்தியமும் அடங்கியபின் வயோலா மட்டும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தேய்ந்து, அந்தரத்தில் விட்டுவிடுகிறது. மங்களம் இல்லை. மங்களத்தின் சாயல்கூட இல்லை. எந்தக் கழுதை எழுதினாலும் முடிவு என்று ஒன்று வைப்பானே?

தாளைக் கூர்ந்து பார்த்தார். கடைசியில் முடிவுக்கான இரட்டைக் கோடு இருந்தது. ஆனால் அந்த மசி மற்றதைவிடக் கறுப்பு. பிறகு தாள்களை எண்ணினார். சீமைத் தாள், நடுவில் மடித்தது. ஒரு மடிப்புக்கு நாலு பக்கம். மூன்று மடிப்பு என்றால் பன்னிரண்டு பக்கம் வேண்டும். இருப்பது பத்து. கடைசி மடிப்பில் பாதியைக் கிழித்திருக்கிறார்கள். விரலால் தடவினார். கிழித்த ஓரம் சொரசொரவென்று இருந்தது.

பதினோராம் பக்கம் திருட்டுப்போயிருக்கிறது.

மறுநாள் நகல் அறைக்குப் போனார். பூதலிங்கம் பிள்ளை நாஞ்சில்நாட்டுக்காரர். அழகான கையெழுத்து, அளவான பேச்சு.

"பிள்ளைவாள், என் கட்டிலே கடைசி மடிப்பு பாதிதான் இருக்கு."

பூதலிங்கத்தின் பேனா நின்றது. காதுமடல் சிவந்தது.

"பாதியா? இருக்காதே சாமி."

"கிழிச்சிருக்கு."

"எலியா இருக்கும்."

"எலி கோடு போட்டா மாதிரிக் கிழிக்குமோ?"

"இங்க உள்ள எலியளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்றார் பூதலிங்கம். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "மாஸ்டர்ட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் சாமி. நான் உங்களுக்கு நல்ல தாளா அரை மடிப்புத் தாறேன். கணக்குச் சரியாப் போகும்."

இதைவிடச் சாட்சி வேண்டுமா? எழுதின பக்கத்தை எடுத்துக்கொண்டு வெறும் பக்கத்தைக் கொடுக்கிறான். பிச்சுமணி அதையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாகலக்ஷ்மியும் அதையே சொன்னாள்.

"நேரே போய்க் கேளுங்கோளேன், இதுக்கு முடிவு எங்கேன்னு."

"கேட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா என்னவாம்?"

"வேற வழி பார்ப்பார்."

அவள் அம்மியில் தேங்காயை வைத்து அரைத்தாள். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

திட்டம் பிச்சுமணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. கமிட்டி முன்னால் அவர் அந்தரத்தில் நிற்க வேண்டும், 'இந்த ஆளுக்கு முடிக்கக்கூடத் தெரியாது' என்று அவர்கள் எழுத வேண்டும். ஆகவே பூதலிங்கம் கொடுத்த வெறும் தாளில், விடியற்காலை குளித்து விபூதி இட்டுக்கொண்டு, பதினோராம் பக்கத்தைத் தானே எழுதினார். அந்தரத்தில் தொங்குகிற அந்தக் கடைசிச் சுரத்தை ரிஷபமாக வைத்துக்கொண்டார். அங்கிருந்து மத்தியமாவதியில் இறங்கி, சட்ஜத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். மத்தியமாவதி பாடினால் அதுவரை செய்த பிழையெல்லாம் நீங்கும் என்பது பாட்டுக்காரர்கள் அறிந்தது. இந்தச் சங்கீதத்துக்கு அது போதுமா என்பது வேறு விஷயம்.

ஒத்திகைகளில் இதைக் காட்டிக்கொள்ளவில்லை. பத்தாம் பக்கத்தோடு நின்று, நல்ல பிள்ளை மாதிரி வில்லை இறக்கினார். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "பியூட்டிஃபுல்" என்றார். நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு என்று பிச்சுமணி நினைத்துக்கொண்டார்.

கமிட்டி நாளன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜூபிலி ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் கமிட்டி: ஒரு வெள்ளைக்கார துரை, இரண்டு உள்ளூர் அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால் துரைசானிகள், வக்கீல்கள், சாலைக் கடைத்தெரு வியாபாரிகள். கரமனையிலிருந்து ஒரு வரிசை, நாகலக்ஷ்மியும் அதில். பக்கத்தில் ஸ்ரீகண்டன், ஜவ்வாதோடு.

பிச்சுமணி முன்னால் வந்து நின்றார். வாசிக்க ஆரம்பித்தார்.

சங்கீதத்தின் நடுவில் ஒரு விசித்திரம் நடந்தது. பழைய பழக்கத்தில் அவர் கண் யார் வாயையாவது தேடியது. வாய் ஒன்றும் இல்லை. அப்போது, தான் வாசித்த ஒரு சுரப்பிடியை யாரோ அரை மூச்சுப் பின்னால் வாசிப்பது காதில் விழுந்தது. கிளாரினெட். இன்னொரு பிடி போட்டார். கிளாரினெட் பின்னால் வந்தது. நிறுத்தி நெளித்தார், அதுவும் நெளிந்தது. ஒத்திகையிலும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும்; தப்பை எண்ணிக்கொண்டிருந்த காதில் விழவில்லை. ஒருவன் தன்னை வேவு பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு புரிந்தது: இது நிழல். இத்தனை வருஷம் மற்றவர்களுக்குத் தான் போட்ட நிழல். இரண்டு பக்கம் வரைக்கும் பிச்சுமணி யாரையும் சந்தேகிக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் சுதாரித்துக்கொண்டார்.

பத்தாம் பக்கம். எல்லாம் அடங்கியது. வயோலா மட்டும் அந்தச் சுரத்தைத் தேய்த்துத் தேய்த்து நூலாக்கியது. மாஸ்டர் குச்சியை ஆகாயத்தில் பிடித்தபடி அசையாமல் நின்றார். கண் மூடியிருந்தது. ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இது முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தெரியாமல் கை தட்டினால் மரியாதை போய்விடுமே என்று அவரவர் அடுத்தவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிச்சுமணி பதினோராம் பக்கத்தைத் திருப்பினார்.

மத்தியமாவதி முதல் பிடி விழுந்ததும் ஹாலின் பாதிப் பேருக்கு உயிர் வந்தது. முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்குப் புரிந்த முதல் விஷயம் அது. மங்களம். கச்சேரி தீர்ந்தது. பிறந்ததிலிருந்து செய்துவருகிற காரியத்தை யோசிக்காமல் செய்தார்கள்: மேல்வேஷ்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். கமிட்டியின் இரண்டு உள்ளூர் அதிகாரிகளும் அவர்களோடு எழுந்தார்கள், வண்டி வந்ததா என்று பார்க்க.

துரை இதைக் கவனித்தார். சபை எழுந்து நிற்கிறது, வாத்தியம் பக்தியோடு வாசிக்கிறது. ராஜ்யத்துக்குரிய மரியாதைப் பாட்டாகத்தான் இருக்க வேண்டும். துள்ளி எழுந்து, குதிகாலைச் சேர்த்து, விறைத்து நின்றார். துரைசானிகளும் நின்றார்கள். துரை விறைத்து நிற்கும்போது மற்றவர்கள் எப்படி வாசலுக்குப் போவது? செருப்புத் தேடப் போனவர்கள் போன இடத்திலேயே கல்லானார்கள். மொத்த ஹாலும் அசையாமல் நின்று, பிச்சுமணியின் மத்தியமாவதியை சட்ஜம் வரைக்கும் கேட்டது.

அப்புறம்தான் கைதட்டல். வெகுநேரம். முதலில் நிறுத்துவது யார் என்று தெரியாததால்.

மறுநாள் கமிட்டியின் குறிப்பு வந்தது: "வயோலா வாசிப்பின்போது சபை முழுவதும் எழுந்து நின்றது. இந்த வாத்தியம் அவசியம் இருக்க வேண்டும். முடிவுப் பகுதியை இனி எல்லா விசேஷங்களிலும் வாசிக்கலாம்."

மாஸ்டர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். சிரிக்கவில்லை. பிச்சுமணிக்கு அதுவே கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"அந்தக் கடைசி பார்ட் யார் எழுதினது?"

"நான்தான் சார். பதினோராம் பக்கம் காணாமப் போயிருந்தது."

"பதினோராம் பக்கமே கிடையாது, மேன். அந்த சைலன்ஸ்தான் முடிவு. அதுக்காகத்தான் மொத்தமும் எழுதினேன்."

"அப்போ கிழிஞ்ச தாள்?"

"எனக்கென்ன தெரியும்?" மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். "வயோலாவைத் தூக்கிடுவாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பன்னெண்டு வருஷம் நீ பின்னாடி சரியா வாசிச்சதை நான் ஒருத்தன்தான் கேட்டேன். கமிட்டியும் கேக்கட்டும்னு எழுதினேன். ஏன் என்கிட்ட வந்து கேக்கலே?"

இதற்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது. அதை மேலதிகாரியிடம் சொல்ல முடியாது.

"தப்பாப் போச்சு சார்" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

வெளியே வந்தால் பூதலிங்கம் பிள்ளை காத்திருந்தார். கையில் ஒரு மடித்த தாள்.

"சாமி, மனசு கேக்கல்ல. தாளைக் கிழிச்சது நாந்தான். வெறுந்தாளு, ஒரு எழுத்தும் கிடையாது. எம் மவளுக்கு வரன் வந்துது. ஜாதகத்தை நல்ல சீமைத் தாள்ல எழுதிக் குடுத்தா பையன் வீட்டுல கொஞ்சம் மதிப்பால்லா இருக்கும்? பொருந்தியாச்சு, கலியாணமும் நிச்சயமாச்சு, தாளும் திரும்பி வந்தாச்சு."

பிச்சுமணி அதை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு கட்டம், நடுவில் ராசி. அடியில் ஐந்தைந்தாகச் சங்கீதக் கோடுகள், சனியும் செவ்வாயும் அதில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எங்காவது சுரங்களை அழித்த தடம் தெரிகிறதா என்று நிதானமாகப் பார்த்தார். இல்லை.

"மாப்பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார்.

"கழக்கூட்டம்."

"நன்னா விசாரிச்சேளா?"

அன்று சாயங்காலம் வித்துராவுக்கு வர சௌகரியப்படாது என்று ஸ்ரீகண்டனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, பிச்சுமணி முதல் தடவையாக பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார். பின்வாசல் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

அதன்பின் ஏழு வருஷம், ரிட்டையராகும் வரை, அந்தச் சங்கீதத்தைப் பல தடவை வாசித்தார்கள். பதினோராம் பக்கம் உத்தரவுப்படி சேர்ந்துவிட்டது. மாஸ்டர் ஒரே ஒரு மாறுதல் செய்தார்: பத்தாம் பக்கம் முடிந்ததும் தான் குச்சி காட்டின பிறகுதான் மத்தியமாவதி. காட்டுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வருஷத்துக்கு வருஷம் அந்த நிற்றல் நீண்டுகொண்டே போனது. பிச்சுமணி வில்லைத் தந்தியின் மேல் தூக்கிப் பிடித்தபடி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இந்தத் தடவை காட்டாமலே விட்டுவிடுவாரோ என்று அவருக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகமாக இருந்தது.